சுவரும் எதிரொலியும்

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தேன். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய சிற்றூர். தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் சுவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக நீளும் மூன்று கட்டுகள். முன்கட்டில் இரும்பு பீரோவின் மேல் ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன இடம் அது. பின்கட்டு அறையில் அப்பா.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காது மந்தமாகி, ஐந்தாறு வருடங்களாகக் கருவி மாட்டியிருக்கிறார். சென்னையில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் ஒரே தங்கைக்கு, அந்த வருடம்தான் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவது என்று ஏற்பாடு. வெறும் குரலை வைத்து அப்பாவால் பேச்சைப் பிடிக்க முடியாது, உதடு அசைவதையும் பார்க்க வேண்டும். பின்கட்டிலோ படம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். முன்கட்டுக்கு வந்து பேசலாமே என்றால், அது உயரமான பெரிய கூடம். கருவி மாட்டியவருக்கு அங்கே எழும் எதிரொலி பெரிய தொல்லை. "சத்தம் எல்லாம் கேக்கு, பேச்சுதான் கேக்கல" என்பார்.

நான் மென்பொருள் பொறியாளன். வீட்டு வைஃபையைச் சரிசெய்வது அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. மூன்றாவது நாளே அப்பா கேட்டார்: "ஏலே, ரூபவாஹினிக்கு ஆன்டெனாவத் திருப்புன மாதிரி இதையும் திருப்பிப் பாக்க வேண்டியதுதானே?"

சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது: வீட்டுக்குள் இணைய அலையைப் பிடிப்பதன் வரலாறே ஏறக்குறைய அவர் சொன்ன இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

*

எங்கள் ஊரில் தொலைக்காட்சி என்றால் முதலில் ரூபவாஹினிதான். ஜப்பான் அரசின் நன்கொடையாக 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இலங்கையின் அரசுத் தொலைக்காட்சி. அதன் ஒளிபரப்புக் கோபுரம் 2,500 மீட்டருக்கு மேல் உயரமான பிதுருதலாகல மலையில் நின்றது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து அந்த மலை 300 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால் அவ்வளவு தூரத்துக்கு அலை நேராக வந்து சேர முடியாது. ஆனால் கடலின் மேல் குளிர்ந்த ஈரக் காற்றுக்கு மேலே சூடான காற்று படியும் மாலைகளில், அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு வளைந்து வளைந்து வரும். அதனால்தான் சில நாள் பளிச்சென்று தெரியும், சில நாள் வெறும் புள்ளி மழை.

மாடியில் 20 அடி இரும்புக் குழாய், அதன் உச்சியில் மீன் முள் போல ஆன்டெனா. அப்பா மேலே நின்று குழாயைத் திருப்புவார். கீழே டிவி முன்னால் அத்தை. நடுவில் படிக்கட்டில் நான், இருவருக்கும் தூது. "தெரியுதா?" "தெரியல!" "இப்ப?" "இப்ப ரெண்டு ரெண்டாத் தெரியுது!"

அந்த இரட்டை உருவத்தைத்தான் சொல்ல வந்தேன். படத்தில் உள்ள ஆளுக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு ஆள். ஆங்கிலத்தில் அதற்குப் பேய் என்றே பெயர். அலை நேராக ஒருமுறை வருகிறது, எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டியிலோ கோபுரத்திலோ பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக இன்னொருமுறையும் வருகிறது. அக்காலத் தொலைக்காட்சியில் திரையின் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோவினாடி ஆகும். அலை 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோவினாடி தாமதம். 20 அங்குலத் திரையில் அது கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர் தள்ளி விழும். அதாவது அந்தத் திரை, தாமதத்தைக் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய கருவி. அப்பாவிடம் ஸ்கேலைக் கொடுத்திருந்தால் எந்தத் தொட்டி என்றே கண்டுபிடித்திருப்பார்.

பேயை விரட்ட ஒரே வழி, வேண்டிய திசையை மட்டும் கேட்டு மற்ற திசைகளுக்குச் செவிடாக இருக்கும் ஆன்டெனா. அந்த மீன் முள் ஆன்டெனாவின் வேலை அதுதான். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதாவும் அவருடைய பேராசிரியர் ஹிதெத்சுகு யாகியும் 1926 இல் அதை உலகுக்குச் சொன்னார்கள். உழைப்பின் பெரும்பகுதி உதாவுடையது, பெயரோ யாகிக்குப் போயிற்று. சொந்த நாட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1942 இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷ் ராடார்க்காரர் ஒருவரின் குறிப்பேட்டில் 'யாகி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என்ன அர்த்தம் என்று கைதியிடம் விசாரித்தார்களாம். உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தான் ஐயா என்று பதில் வந்ததாம்.

வானொலியும் தொலைக்காட்சியும் வளர்ந்த காலம் முழுக்க எதிரொலி எதிரிதான். ஆன்டெனாவை உயர்த்து, திருப்பு, எதிரொலி வராத இடத்தில் வை. வீட்டுக்கு வெளியே, மாடியில், இதெல்லாம் முடியும். அலை வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சேர வேண்டும் என்றால் எந்தத் திசையில் திருப்புவது?

*

அலை வீட்டுக்குள் வந்தது சமையலறை வழியாக என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் ராடார்க் குழல்களோடு வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் அந்த அலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார். இப்படிப்பட்ட இயந்திரங்கள் ரேடியோ தொடர்பைக் கெடுக்கும். ஆகவே 1947 இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றில் ஒன்று. தண்ணீர் மூலக்கூறு அந்த அதிர்வெண்ணில்தான் அதிரும், அதனால்தான் அடுப்புக்கு அது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில்லை. தண்ணீர் அதைவிட மிக அகலமான வரம்பில் ரேடியோ அலைகளை உறிஞ்சும். அடுப்புக்கு 2.4 கிடைத்தது நிர்வாக முடிவால்.

யாரும் பேச விரும்பாத குப்பைமேடு போல அது கிடந்தது. 1985 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், அங்கிருந்த மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளரின் விடாமுயற்சியால், ஒரு காரியம் செய்தது. குறைந்த சக்தியில், அலையைப் பரப்பி அனுப்பும் முறையில் என்றால், இந்தக் குப்பைமேட்டில் யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்காமல் பேசிக்கொள்ளலாம். அலைக்கற்றை என்றாலே ஏலமும் கோடிகளும் ஊழல் வழக்குகளும் நினைவுக்கு வரும் நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கும். ஊர்ப் பொது மந்தை போல ஒரு பொது அலை. இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் முழுமையாகப் பொதுவில் விடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதிக்கு 2018 அக்டோபர் வரை காத்திருந்தோம்.

மந்தை திறந்ததும் முதலில் வந்தவர்களில் ஒருவர் கல்லாப்பெட்டி வியாபாரி. என்சிஆர் நிறுவனத்துக்குக் கடைகளில் பில் போடும் இயந்திரங்களைக் கம்பி இல்லாமல் இணைக்க வேண்டும், ஒவ்வொரு முறை கடையை மாற்றி அமைக்கும்போதும் தரையைத் தோண்டக் கூடாது. நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் இதில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ் தலைமையில் 1990 இல் 802.11 என்ற தரக்குழு அமைந்தது. 1997 இல் முதல் தரம் வந்தது. வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். பில் போட அது போதும். முகம் பார்த்துப் பேச அது எந்த மூலைக்கு?

*

வேகம் ஏன் கூடவில்லை? மறுபடி எதிரொலி.

ரேடியோ அலை ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் அடி, போகும். வினாடிக்குப் பத்து மில்லியன் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஒரு பிட்டின் நீளம் 30 மீட்டர். நூறு மில்லியன் என்றால் 3 மீட்டர். அது ஓர் அறையைவிடச் சின்னது. பீரோவில் பட்டுத் திரும்பிய முதல் பிட், நேராக வந்த நான்காவது பிட்டின் தலையில் ஏறி உட்காரும். தொலைக்காட்சியில் இது வெறும் பேய். கண் அதை ஒதுக்கிவிட்டுப் படம் பார்க்கும். கணினிக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. சக்தியைக் கூட்டினால்? எதிரொலியும் கூடவே கூடும். அப்பாவின் கருவியில் ஒலியைக் கூட்டினால் என்ன ஆகுமோ அதேதான்.

இதற்கு ஒரு விடை வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. 1974 இல் ஸ்டீபன் ஹாக்கிங், கருந்துளைகள் மெல்ல ஆவியாகி இறுதியில் வெடிக்கும் என்றார். அப்படி வெடித்தால் ஒரு ரேடியோத் துடிப்பு கேட்கலாம் என்று 1977 இல் மார்ட்டின் ரீஸ் சொன்னார். நெதர்லாந்தில் இருந்த ஆஸ்திரேலியப் பொறியாளர் ஜான் ஓ'சல்லிவனும் கூட்டாளிகளும் தேடினார்கள். விண்வெளியைக் கடந்து வரும் துடிப்பு கூர்மையாக வராது. அதிர்வெண்ணுக்கு ஏற்பத் தாமதமாகி, இழுபட்டு, கலங்கி வரும். அதைப் பிரித்து மீண்டும் சேர்க்க ஃபூரியர் உருமாற்றம் என்ற கணிதம் உதவும். தேடல் தோற்றது. ஒரு கருந்துளையும் வெடிக்கவில்லை என்று 1978 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

ஆஸ்திரேலியா திரும்பி அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் சேர்ந்த ஓ'சல்லிவன், 1990களின் தொடக்கத்தில் நான்கு சகாக்களோடு வீட்டுக்குள்ளான எதிரொலியை எடுத்துக்கொண்டார். அறைக்குள் கலங்கிய அலைக்கும் விண்வெளியில் கலங்கிய துடிப்புக்கும் கணிதம் ஒன்றுவிட்ட சகோதரமாக இருந்தது. அவர்கள் சொன்ன வழியை நம் ஊர் உதாரணத்தால் சொல்கிறேன்.

பெரிய கல்மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் எதிரொலி அடங்கும்வரை நிறுத்திப் பேசினால் புரியும். ஆனால் நேரம் ஆகும். ஆகவே ஐம்பது பேரை நிறுத்தி, ஆளுக்கொரு சுருதி கொடுத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் நிதானம், மொத்தத்தில் வேகம். கேட்பவர் சுருதி பிரித்துக் கேட்க வேண்டும், அதைச் செய்ய ஃபூரியர் இருக்கிறார். 1999 இல் வந்த 802.11ஏ தரத்தில் இதுதான் நடக்கிறது. செய்தியைச் சுமக்க 48 சுருதிகள், ஒரு சொல்லுக்கு 4 மைக்ரோவினாடி, அதில் 0.8 மைக்ரோவினாடி எதிரொலி அடங்குவதற்கான இடைவெளி. அந்த இடைவெளியில் அலை 240 மீட்டர் சுற்றிவிடும். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

வைஃபையைக் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியா என்று அந்நாட்டில் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. சுருதிகளாகப் பிரித்து அனுப்பும் எண்ணத்தை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966 லேயே எழுதியிருக்கிறார். கல்லாப்பெட்டிக்காரர்களின் உழைப்பு தனி. ஆனால் 1996 இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையை வைத்துப் பெரிய நிறுவனங்களோடு வழக்காடி, சிஎஸ்ஐஆர்ஓ 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது. தோற்றுப்போன ஒரு கருந்துளைத் தேடலுக்கு அது மோசமான வருமானமில்லை.

*

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் எதிரொலியைச் சகித்துக்கொள்ள வழி தேடியவர்கள். எதிரொலி வேண்டும் என்று சொன்னவர் பொள்ளாச்சிக்காரர்.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944 இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்பு அகாதெமி வழியாகக் கடற்படைக்குப் போனார். ஐஐடி தில்லியில் முனைவர் பட்டம். 1971 டிசம்பர் 9 அன்று, டையூ அருகே, ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர்மூழ்கியைக் கேட்டறியும் சோனார் போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சீர்படுத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பிறகு அப்சோ என்ற புதிய சோனாரை உருவாக்கிய குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1980களில் அது கடற்படைக் கப்பல்களில் ஏறியது.

கடலுக்கடியில் கேட்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஒலி மேற்பரப்பிலும் தரையிலும் மாறி மாறிப் பட்டு வருகிறது. நேராக வந்தது எது, சுற்றி வந்தது எது என்று தெரியாது. ஒரே ஒரு செவி போதாது. பல உணரிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் கேட்டதை ஒப்பிட்டுத்தான் திசையைப் பிரிக்க வேண்டும். பால்ராஜ் தன் வாழ்வின் முதல் பாதியை இதில் செலவழித்தார்.

1990களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு போனார். அங்கே அருகருகே நிற்கும் ஒலிபரப்பிகளின் கலந்த சிக்னல்களைப் பல ஆன்டெனாக்களால் பிரிக்கும் சோதனையில், ஒரு விசித்திரம் கண்டார். சுற்றுப்புறம் அலையைச் சிதறடித்தபோது பிரிப்பது எளிதாயிற்று. இதைப் பிடித்துக்கொண்டு, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு செய்திகளை வெவ்வேறு ஆன்டெனாக்களிலிருந்து அனுப்பலாம் என்று 1992 இல் தாமஸ் கைலத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994 இல் அது கிடைத்தது. பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு ஃபோஷினியும் வேறு சிலரும் 1996 வாக்கில் இதன் கணிதத்தை நிறுவினார்கள். 2009 இல் வந்த 802.11என் தரத்தில் இது வீட்டு ரவுட்டருக்குள் நுழைந்தது. ரவுட்டரின் முதுகில் இரண்டு, மூன்று, நான்கு கொம்புகள் முளைத்தது இதற்காகத்தான். பால்ராஜுக்கு 2014 இல் மார்கோனி பரிசு வந்தது.

இதை அப்பாவுக்கு விளக்கியது ஒரு மத்தியான வேளையில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில்.

"ரெண்டு கொம்பு. ஒண்ணு 'க'ங்கிற எண்ண அனுப்புது, இன்னொண்ணு 'ச'. போன்ல ரெண்டு ஆன்டெனா. முதலாவதுக்கு ரெண்டும் கலந்து கேக்கு: 3க + ச = 11. ரெண்டாவதுக்கு வேற மாதிரி கலந்து கேக்கு: க + 2ச = 7."

"ஒருங்கமை சமன்பாடு," என்றார் உடனே. "க மூணு, ச ரெண்டு." முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்தியவர்.

"அவ்வளவுதாம்ப்பா."

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவது சமன்பாடு 6க + 2ச = 22ன்னு வந்துட்டா?"

அதுதான் கேள்வி. அப்படி வந்தால் அது முதல் சமன்பாட்டின் இரட்டிப்பு, புதிதாக ஒன்றும் சொல்லாது. வெட்டவெளியில், எதிரொலி எதுவும் இல்லாமல், பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு அலை நேராக மட்டும் வந்தால் அநேகமாக அப்படித்தான் ஆகும். சுவரிலும் பீரோவிலும் பட்டு வெவ்வேறு வழிகளில் வரும்போதுதான் இரண்டு சமன்பாடுகளும் வெவ்வேறாக இருக்கும். எதிரொலி இருந்தால்தான் தீர்வு உண்டு.

"அப்போ பேய்தான் கணக்கப் போட்டுக் குடுக்கு," என்றார் அப்பா.

*

இவ்வளவு மூளைகள் உழைத்தும் எங்கள் பின்கட்டில் ஏன் படம் உறைந்தது? எதிரொலிக்கு மருந்து உண்டு, சுவருக்கு இல்லை. தடித்த சுவர் ஒன்று பத்தில் ஒரு பங்கு சக்தியை மட்டும் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சுவருக்கு அப்பால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிடச் சுவரிடம் இன்னும் சீக்கிரம் தோற்கும்.

தூரத்துக்கு இதில் அவ்வளவு பங்கில்லை என்பதற்குத் தேனி சாட்சி. அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழுவோடு சேர்ந்து, தேனியைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களைச் சாதாரண வைஃபை கருவிகளால் இணைத்தது. கோபுரங்களின் உச்சியில் திசை ஆன்டெனாக்கள், ஒன்றையொன்று நேராகப் பார்த்தபடி, 15 கிலோமீட்டர் வரை. மையத்துக்கு வரும் பாட்டியோடு தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் முகம் பார்த்துப் பேசினார். அங்கே சுவர் இல்லை, எதிரொலியும் குறைவு. தடை வந்தது நேரத்தில். வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு 'வந்தது' என்ற பதிலுக்கு மிகச் சில மைக்ரோவினாடிகளே காத்திருக்கும், அது வீட்டு அளவுக்குச் செய்தது. 15 கிலோமீட்டர் போய்வர அலைக்கு 100 மைக்ரோவினாடி ஆகும். பதில் வழியில் இருக்கும்போதே தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டித் திரும்ப அனுப்பும். பெர்க்லிக்காரர்கள் அந்த விதியையே மாற்றி, முறை வைத்துப் பேசும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். அதற்கப்பாலும் அவர்களை அதிகம் படுத்தியது கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கம்.

வயல்வெளியைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் போகிற அதே அலை, என் தாத்தா கட்டிய மூன்று சுவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்ய நான் செய்த தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ரவுட்டரைப் பீரோவிலிருந்து இறக்கி, நடுக்கட்டின் வாசலை ஒட்டி, ஆள் உயரத்தில் மாட்டினேன். இரும்புப் பரப்பின் மேல் உட்கார்ந்திருந்தது விலகியதில் கொஞ்சம் தேறியது. கொம்புகளை எல்லாம் ஒரே மாதிரி நிமிர்த்தாமல் ஒன்றைச் சாய்த்து வைத்தேன், போனை எப்படிப் பிடித்தாலும் ஏதாவது ஒன்று ஒத்துப்போகும் என்று. அதுவும் கொஞ்சம். ஜூன் மாதம் சிக்னலைக் கூட்டித் தரும் பெட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டில் செருகினேன். போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்தன. நான் வெற்றி என்று கைதட்டினேன். அன்று மாலை அத்தையின் முகம் முன்னைவிட மோசமாக உறைந்தது.

யோசித்தால் காரணம் எளிது. அந்தப் பெட்டி கேட்டதைத் திரும்பச் சொல்கிறது. ஒரே அலைவரிசையில் ஒருமுறை கேட்டு, மறுமுறை சொல்ல வேண்டும், நேரம் பாதியாகிவிடும். பின்கட்டில் வைத்ததால் அதுவே மூன்று சுவருக்கு அப்பால் சிதைந்ததைத்தான் கேட்டது. சிதைந்ததை உரக்கச் சொன்னது. கோடுகள் காட்டியது அந்தக் குரலின் உரப்பை மட்டும். தவிர, இது ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், போனின் சின்ன முணுமுணுப்பு அதன் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதைச் சொன்னபோது அப்பா தன் காதைத் தொட்டுக் காட்டினார். "இத நான் அஞ்சு வருசமாச் சொல்லிட்டிருக்கேன். டாக்டர் கூட்டி வைக்காரு, கூட்டி வைக்காரு. சத்தம் பத்தலன்னு நான் எப்பச் சொன்னேன்?"

கூச்சமாக இருந்தது. ஐந்து வருடமாக நானும் அவரிடம் பேசும்போதெல்லாம் குரலை உயர்த்திக்கொண்டுதான் இருந்தேன். எதிரே உட்கார்ந்து, முகம் காட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசியதில்லை.

கடைசியில் தீர்த்தது கம்பிதான். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு 20 மீட்டர் லேன் கேபிள், அதன் முனையில் பழைய ரவுட்டர் ஒன்று, வேறு சேனலில். கம்பியில்லாத் தொடர்பு என்கிறோம், ஆனால் கம்பி எவ்வளவு அருகில் வந்து நிற்கிறதோ அவ்வளவுதான் அதன் நலம். சுவரைத் துளைக்க அந்த ஊரடங்கில் ஆள் கிடைக்கவில்லை. காரைச் சுவரில் நானே துளை போட அப்பா சம்மதிக்கவில்லை. பின்கட்டின் ஜன்னல் சட்டத்துக்கு மேலே, சுண்ணாம்பு அடைத்து மூடிய ஓட்டை ஒன்றைக் காட்டினார். ரூபவாஹினி ஆன்டெனாவிலிருந்து பட்டை வயர் இறங்கி வந்த வழி. சாவியால் சுரண்டியதும் திறந்துகொண்டது. கேபிள் மாடி விளிம்பை ஒட்டி வந்து அதன் வழியாக உள்ளே இறங்கியது.

அன்று சாயங்காலம் அத்தை திரையில் தெளிவாக வந்தார். மெலிந்திருந்தார். அப்பா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இப்ப தெரியுதா?" என்று கத்தினார்.

"ஒருத்தராத்தான் தெரியுறீங்க அண்ணாச்சி," என்றார் அத்தை. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு பத்து மாதம் தினமும் பேசினார்கள். அத்தை 2021 மே மாதம் காலமானார். அப்பாவால் போக முடியவில்லை. சடங்குகளைப் பின்கட்டு அறையில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தார். ஒருமுறைகூட உறையவில்லை.

மாடியில் இரும்புக் குழாய் இன்னும் நிற்கிறது. ஆன்டெனா எப்போதோ போய்விட்டது. குழாயில் துணிக்கொடி கட்டியிருக்கிறோம்.